மறு: தெர்மல் பேஸ்ட்: பசையா, களிம்பா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினிச் சூட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் நம் தமிழ்க் கையேட்டில், கணினியின் மூளையான புராசசர் சிப்பின் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட்டுக்கு 'வெப்பப் பசை' என்றே போட்டுவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். தக்கலையில் கணினி பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'வெப்பக் களிம்பு' என்று வைக்கலாம் என்பது என் கட்சி.

பசை என்றால் ஒட்டுவது. இந்தப் பொருளுக்கு ஒட்டுகிற வேலையே கிடையாது. புராசசரின் உலோக மூடியும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகட்டுத் தொகுதியான ஹீட் சிங்கின் அடிப்பக்கமும் கைக்கு வழவழவென்று இருக்கும். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் 200-க்கு மேல் என்றால், அதே அளவையில் காற்றுக்கு 0.03 கூட வராது. அந்தக் காற்றைத் தள்ளிவிட்டு இடத்தை நிரப்பத்தான், சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு மாதிரியான பொடியைக் குழைத்துத் தருகிறார்கள். ஹீட் சிங்கைப் பிடித்து வைத்திருப்பது திருகாணியோ, இன்டெல் கூலரில் (ஹீட் சிங்கும் விசிறியும் சேர்ந்தது) வரும் நான்கு பிளாஸ்டிக் முளைகளோதான்.

'பசை' என்று படித்தவர், நன்றாக ஒட்டட்டுமே என்று பாதி டியூபைப் பிதுக்குவார். முளைகளில் ஒன்று 'டக்' என்று இறங்காமல் நின்றாலும், அதுதான் பசை இருக்கிறதே என்று விட்டுவிடுவார். அப்புறம் கணினியைப் போட்டதும் விண்டோஸ் வருமுன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸிலேயே 90 டிகிரி. ஆன் செய்த ஓரிரு நிமிடத்தில் சூடு விறுவிறுவென்று ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது புராசசரும் கூலரும் சரியாகத் தொடுகிறதா என்பதைத்தான். களிம்பு வறண்டிருக்கும், இல்லாவிட்டால் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அரைமணி நேரம் வேலை செய்தபின் மெல்ல ஏறுகிறது என்றால் தூசியையும் விசிறியையும் பாருங்கள். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் சூடு இறங்கினால், பெட்டிக்குள் காற்று போய்வர வழியில்லை என்று பொருள். குளச்சல், முட்டம் பக்கமிருந்து வருகிற பெட்டிகளில் தூசிதான் அதிகம். உப்பு ஈரம் பட்ட தூசி ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துணி மாதிரி படிந்து, பிரஷ்ஷுக்கும் மசியாது. அங்கே களிம்பை மாற்றி ஒரு பயனும் இல்லை.

மார்த்தாண்டம் அண்ணன் 'வெப்பப் பற்று' என்று எழுதியிருந்தார். வர்ம ஆசான்கள் வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது உடனே பிடித்துப்போகும், எனக்கும் பிடித்தது. ஆனால் பற்று கனமாக அப்பிக் காயவிடுவது. இங்கே வேண்டியது மெல்லியதாகப் பரவி, காயாமல் இருப்பது. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் பற்று, பூச்சு, களிம்பு, பசை எல்லாமே தனித்தனியாக எண்ணப்படுகின்றன. அவர்கள் பிரித்து வைத்ததை நாம் ஏன் குழப்ப வேண்டும்?

களிம்பு என்றால் செம்பில் ஏறும் பச்சை அல்லவா என்று கேட்டவருக்கு: நல்ல கேள்வி. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் ஆணவ மலத்துக்கே உவமையாகச் செம்பில் களிம்பைத்தான் சொல்வார்கள். அடிப்பக்கம் செம்பாலான ஹீட் சிங்க்கும் உண்டு, கடற்காற்று வேறு. இருந்தாலும் மருந்துக் கடையில் களிம்பு கேட்டால் யாரும் செம்புப் பாத்திரத்தைச் சுரண்டித் தருவதில்லை. முன்னால் 'வெப்ப' என்று சேர்ந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமேயில்லை.

'பழைய பேஸ்ட் ஒட்டிக்கொள்ளத்தானே செய்கிறது' என்ற வாதமும் வந்தது. செய்கிறது. அது வறண்டுபோனதால் வந்த கோளாறு. ஏஎம்டியின் ரைசன் புராசசர் உட்காரும் ஏஎம்4 வகை போர்டில் கூலரை நேராக மேலே இழுத்தால் புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசிக்கால்கள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, மின்கம்பியை எடுத்துவிட்டு, சூடு ஆறுமுன் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித் தளர்த்த வேண்டும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு, நடுவில் பயறளவு புதியது.

இன்னொன்று, உண்மையிலேயே ஒட்டுகிற தெர்மல் அட்ஹீசிவ் தனியாக விற்கிறது. சிறிய சிப்புகளின் மேல் ஹீட் சிங்கை நிரந்தரமாகப் பதிக்க அதைப் பயன்படுத்துவார்கள். 'வெப்பப் பசை' அதற்குத்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கையேட்டைப் பார்த்து ஒருவர் அதை வாங்கிப் புராசசர் மேல் தடவிவிடுவார். அப்புறம் கழற்றவே முடியாது.

களிம்புக்குப் பதிலாகச் சிப்பின் மேல் வைக்கும் மெத்தென்ற தகடான தெர்மல் பேடுக்கு 'வெப்பத் திண்டு' சரிதான். விசிறியைக் 'காற்றாடி' ஆக்க வேண்டாம். எங்கள் பக்கம் காற்றாடி என்றால் முப்பந்தலில் மின்சாரம் எடுக்க நிற்கும் காற்றாலை.

கையேட்டில் சேர்க்க என் வரி: 'வெப்பக் களிம்பு: புராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே உள்ள காற்றிடைவெளியை நிரப்பி வெப்பத்தைக் கடத்தும் குழைவுப் பொருள். ஒட்டும் தன்மைக்காகப் பயன்படுவதல்ல. கூலரைக் கழற்றும்போதெல்லாம் துடைத்துப் புதிதாக இட வேண்டும்.' திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.