ஜிஎம்டியில் சிலி நாட்டுக்கு எந்த புரொஜெக்‌ஷன் போடுவது?

கேள்வி:
சிலியின் நிலநடுக்கங்களை ஜிஎம்டி 6 என்ற வரைபட மென்பொருளில் வரைகிறேன். உருண்டைப் பூமியைத் தட்டையாகக் காட்டும் முறைக்கு (புரொஜெக்‌ஷன்) யோசிக்காமல் மெர்க்காட்டர் போட்டுவிட்டேன், தெற்கே போகப் போக நாடு வீங்குகிறது. 1960 வால்டிவியா நிலநடுக்கத்தில் பிளவு ஓடிய நீளம் சுமார் 1,000 கி.மீ. வடக்கே ஆரிக்கா பக்கம் வைத்த அளவுகோலை அதன் மேல் வைத்துப் பார்த்தால் 1,300-ஐ நெருங்குகிறது! முப்பதுக்கு மேல் புரொஜெக்‌ஷன் இருக்கிறது, எதை எடுப்பது? லாம்பர்ட் கூம்பு சரிவருமா?

பதில் 1:
மெர்க்காட்டரில் அளவு அட்சரேகையோடு மாறும். ஆரிக்காவோடு ஒப்பிட்டால் புன்டா அரினாஸ் பக்கம் பரப்பு இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரியும். கூம்பு வேண்டாம், அது அமெரிக்கா மாதிரி கிழக்கு மேற்காக அகன்று கிடக்கும் நாட்டுக்குப் பொருந்துவது. சிலி வடக்கு தெற்காக 4,000 கி.மீ.க்கு மேல் நீண்ட வெறும் ரிப்பன், அதனால் ஒரு தீர்க்கரேகையை ஒட்டி அளவு மாறாமல் காட்டும் டிரான்ஸ்வர்ஸ் மெர்க்காட்டர்தான் சரி. புரொஜெக்‌ஷனைச் சொல்லும் ஜே ஆப்ஷனில், ஜே-வுக்குப் பின் பெரிய டி (T), மைய தீர்க்கரேகை மைனஸ் 71, அகலம் 6 செ.மீ. நாடு முழுக்க அந்த ரேகையை ஒட்டியே கிடப்பதால் நீளத்தில் பிழை ஒரு சதவீதம்கூட வராது.

பதில் 2:
அதேதான். ஆனால் ஜே-வுக்குப் பின் வரும் டி பெரிய எழுத்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து என்றால் படத்தின் அகலம், சின்ன எழுத்து என்றால் ஒரு டிகிரிக்கு எத்தனை செ.மீ. என்ற அளவு. நான் ஒருமுறை சின்ன எழுத்தில் 15 செ.மீ. கொடுத்து, கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரத்துக்குப் படம் வந்து, எங்கே தப்பு என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன்.

கேட்டவர்:
நன்றி, இப்போது பிளவு சரியாக அளக்க வருகிறது. ஆனால் படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஓரங்கள் வளைந்து நிற்கின்றனவே?

பதில் 2:
ஓரங்கள் தீர்க்கரேகைகளின் வழியே போவதால் வளைகின்றன. வரையும் பகுதியைச் சொல்லும் ஆர் ஆப்ஷனின் கடைசியில் கூட்டல் குறியும் சின்ன ஆர் எழுத்தும் சேருங்கள். அப்புறம் எண்களின் வரிசையையும் மாற்ற வேண்டும், மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு என்று இல்லாமல், கீழ் இடது மூலையின் தீர்க்கரேகை, அட்சரேகை, பிறகு மேல் வலது மூலையுடையவை.

பதில் 1:
ஒன்று மட்டும். அடுத்து ஒரு சதுர கி.மீ.க்கு எத்தனை நடுக்கம் என்று நிறம் தீட்டுவதாக இருந்தால் இதை விட்டுவிட்டு, ஜே-வுக்குப் பின் ஏ போட்டு, லாம்பர்ட் சமபரப்புக்கு மாறுங்கள். மையம் தீர்க்கரேகை மைனஸ் 71, அட்சரேகை மைனஸ் 37.