நோலன் ரயன்: 5,714 ஸ்ட்ரைக்அவுட்டா, 2,795 வாக்-ஆ (walk)?

கணக்குப்பிள்ளை:
எல்லாக் காலத்துக்கும் சிறந்த பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) யார் என்று போன வாரம் பேச்சு வந்தபோது இங்கே பாதிப் பேர் நோலன் ரயன் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1966-ல் நியூயார்க் மெட்ஸில் தொடங்கி 1993-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸில் முடித்தவர், மொத்தம் 27 சீசன். 324 வெற்றி, சரி. 292 தோல்வியை யார் கணக்கில் எழுதுவது? ஆண்டின் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ஆள் வேகம், அதில் சந்தேகமே இல்லை. வேகமாகப் போடுவது வேறு, ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பது வேறு.

ஹூஸ்டன்காரன்:
பெயரைக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொண்டு பாதிக் கணக்கை மறைக்கலாமா? 5,714 ஸ்ட்ரைக்அவுட், அதாவது அடிப்பவரைச் சரியாக அடிக்கவிடாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்கியது. இரண்டாம் இடத்தில் ராண்டி ஜான்சன், 4,875. நடுவில் 839. நோ-ஹிட்டர் 7. அடுத்து நிற்பவர் சாண்டி கோஃபாக்ஸ், 4. 1999-ல் ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் கௌரவப் பட்டியல்) வாக்கெடுப்பில் 497 பேரில் 491 பேர் ரயனுக்கு ஓட்டுப் போட்டார்கள். மீதி ஆறு பேரில் நீங்களும் ஒருவரோ?

தூங்காநகரம்:
நமக்கு கிரிக்கெட் மட்டும்தான் ஓடும். சண்டை போடுவதற்கு முன்னால் நோ-ஹிட்டர், வாக் எல்லாம் என்னவென்று சொல்லிவிடுங்கள் அண்ணா.

ஹூஸ்டன்காரன்:
முழு ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு பேஸுக்குப் பத்திரமாகப் போவது) கொடுக்காமல் முடிப்பது நோ-ஹிட்டர். ஹால் ஆஃப் ஃபேம் போன பிட்சர்களிலேயே பலருக்கு வாழ்நாளில் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. வாக் என்றால், அடிப்பவர் தொடாமல் விட்ட பந்துகளில் நாலு எல்லைக்கு வெளியே போனால் அவர் சும்மா முதல் பேஸுக்கு நடந்து போவார். வைட் மாதிரி, ஆனால் செலவு அதிகம்.

கணக்குப்பிள்ளை:
அந்த வைடுக்குத்தான் வருகிறேன். ரயன் கொடுத்த வாக் 2,795. இரண்டாம் இடத்தில் ஸ்டீவ் கார்ல்டன், 1,833. கிட்டத்தட்ட ஆயிரம் வித்தியாசம்! 839-ஐப் பெரிதாகச் சொன்னவர் இதையும் சொல்லியிருக்கலாம். 1974-ல் ஒரே சீசனில் 202, 1977-ல் 204.

கோஃபாக்ஸ் பெயரை எடுத்தீர்கள், நல்லது. அவர் 1965-ல் 382 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து ஒரு சீசன் சாதனை வைத்தார். கொடுத்த வாக் 71. ரயன் 1973-ல் 383 எடுத்து அதை உடைத்தார். கொடுத்த வாக் 162. ஒரே ஒரு ஸ்ட்ரைக்அவுட் கூடுதலாக எடுக்க 91 பேரை அதிகமாக நடக்கவிட்டிருக்கிறார். ஜெயித்தது? கோஃபாக்ஸ் 26 வெற்றி, 8 தோல்வி. ரயன் 21-16.

ஹூஸ்டன்காரன்:
அந்த 91 நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆட்டமா ஆடினார்கள்? 1965-ல் எதிரணிப் பிட்சரும் மட்டை எடுத்து வந்து நிற்க வேண்டும். கோஃபாக்ஸுக்கு அது ஓசி விக்கெட் மாதிரி. 1973-ல்தான் ரயன் ஆடிய அமெரிக்கன் லீகில் பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் அடிக்கலாம் என்ற விதி வந்தது. ஆக, ரயனுக்கு ஒன்பது பேரும் அடிக்கத் தெரிந்தவர்கள். இன்னொன்று, பிட்சர் நிற்கும் மேடு கோஃபாக்ஸ் காலத்தில் 15 அங்குலம். 1969-ல் அதை 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். பிட்சர்கள் ரொம்ப ஆட்டம் போடுகிறார்கள் என்றுதான் குறைத்தார்கள்.

அந்த 383-வது எப்படி வந்தது தெரியுமா? 1973 செப்டம்பர் 27, அந்த சீசனில் ரயன் போட்ட கடைசி ஆட்டம், எதிரணி மினசோட்டா. வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டம், எட்டாவதிலேயே 382-ஐத் தொட்டுவிட்டார். ஆட்டம் சமநிலையில் இழுத்துக்கொண்டே போகிறது. காலில் தசைப்பிடிப்பு. ஆனாலும் இறங்கவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் அடிக்க வந்த ரிச் ரீஸ் மட்டையை வீசி மூன்றாவது ஸ்ட்ரைக்கையும் தவறவிட்டார். அன்று மட்டும் 16.

கணக்குப்பிள்ளை:
கதை நன்றாக இருக்கிறது. 16 தோல்வி அப்படியேதான் இருக்கிறது.

ஹூஸ்டன்காரன்:
அணியைப் பாருங்கள் சார்! ரயன் அப்போது ஆடிய ஏஞ்சல்ஸ் 1973-ல் 79-83, 1974-ல் 68-94. 94 ஆட்டம் தோற்ற அணியில் இவர் மட்டும் 22 ஜெயித்தார். அப்புறம் 1987. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், வயது 40. ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி 2.76, நேஷனல் லீகிலேயே குறைவு. 270 ஸ்ட்ரைக்அவுட், லீகிலேயே அதிகம். வெற்றி 8, தோல்வி 16. இவர் ரன்னே கொடுக்க மாட்டார், அவர் அணி ரன்னே எடுக்காது. இதில் அவர் செய்த தப்பு என்ன?

கணக்குப்பிள்ளை:
1987-ஐ விட்டுவிடுகிறேன். அது அநியாயம்தான், அந்த வருஷம் சை யங் கொடுத்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். ஒரு வருஷத்துக்கு அணியைக் குறை சொல்லலாம். 27 வருஷத்துக்குமா? சும்மா நடந்துபோய் முதல் பேஸில் நிற்கிறவன் அடுத்த சின்ன ஹிட்டில் ரன் ஆகிவிடுவான். தோல்வியில் பாதி இவரே வாங்கிக்கொண்டது.

1974 ஜூன் 14, பாஸ்டனுடன் ஆடிய ஆட்டத்தையே எடுங்கள். 13 இன்னிங்ஸ் போட்டார். 19 ஸ்ட்ரைக்அவுட். பாவம் செசில் கூப்பர், ஒரே நாளில் ஆறு தடவை ஸ்ட்ரைக்அவுட். ரயன் விசிறிகள் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஆட்டத்தில் 10 வாக். போட்ட பந்து 235. ஏஞ்சல்ஸ் ஜெயித்தது 15-வது இன்னிங்ஸில். அதற்குள் இவர் வெளியே வந்துவிட்டதால் வெற்றி இவர் பெயரில் ஏறவில்லை. எதிரே பாஸ்டன் பிட்சர் லூயிஸ் டியான்ட் 14 இன்னிங்ஸ் தாண்டியும் நின்றார் என்பதை யாரும் பேசுவதில்லை.

தூங்காநகரம்:
235 பந்தா? கை என்ன ஆகும்?

ஆர்லிங்டன்91:
தம்பி, இப்போது நூறைத் தாண்டினாலே பயிற்சியாளர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். ரயன் அதன் பிறகும் 19 வருஷம் போட்டார்.

நான் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1991 மே 1. நான் அப்போது ரேஞ்சர்ஸ் ஆடும் ஆர்லிங்டனில் மாணவன். அறைத்தோழன் ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். மறுநாள் தேர்வு, வரமாட்டேன் என்றேன். 44 வயதுக் கிழவர் போடுவதை இன்னொரு நாள் பார்த்தால் போச்சு என்று நினைப்பு. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் பக்கத்து அறை ரேடியோவில் கத்தல். புத்தகத்தை மூடிவிட்டுப் போனேன். கடைசி இன்னிங்ஸ். டொரான்டோவின் ராபர்ட்டோ அலோமர் கடைசி ஆள், ஸ்ட்ரைக்அவுட். ஏழாவது நோ-ஹிட்டர், அன்றைக்கு 16 ஸ்ட்ரைக்அவுட். இந்தப் பையனுடைய அப்பா சாண்டி அலோமர்தான் 1973-ல் ரயனின் முதல் நோ-ஹிட்டரில் அவருக்குப் பின்னால் இரண்டாம் பேஸில் நின்றவர்!

நாலு வாக்குக்குப் பயந்து அந்த மாதிரி ராத்திரியை வேண்டாம் என்பீர்களா கணக்குப்பிள்ளை? (தேர்வும் சரியாக எழுதவில்லை.)

கணக்குப்பிள்ளை:
பார்க்கப் போவேன் சார், டிக்கெட் எடுத்து முதல் வரிசையிலேயே உட்காருவேன். நான் பேசுவது சிறந்தவர் யார் என்று. கோஃபாக்ஸுக்கு மூட்டுவாதம் வந்து 30 வயதில் நிறுத்தினார். நிறுத்திய 1966-ல் 27-9, சராசரி 1.73. உச்சத்தில் ஆறு வருஷம் இருந்தவரையும் 27 வருஷம் நீடித்தவரையும் ஒரே தராசில் வைக்கிறோம். எனக்கு அந்த ஆறு வருஷம் கனம்.

ஹூஸ்டன்காரன்:
நீடித்தது தானாக நடக்கவில்லை. மெட்ஸ் காலத்தில் விரலில் கொப்புளம் வந்து பாதி ஆட்டத்தில் இறங்க வேண்டியிருந்தது. தோலைக் கெட்டியாக்க ஊறுகாய்த் தண்ணீரில் விரலை ஊறவைத்தார்கள். அமெரிக்க ஊறுகாய்தான், வெள்ளரிக்காய், உப்பு, வினிகர். 1993 செப்டம்பர் 22, சியாட்டில். 46 வயது. ஒருவரைக்கூட அவுட் ஆக்க முடியவில்லை, நாலு ரன் போகும் ஹோம் ரன் வேறு. முழங்கைத் தசைநார் கிழிந்தது. கிழிந்த பிறகும் இன்னொரு பந்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

தூங்காநகரம்:
ஊறுகாய்த் தண்ணீர்! இந்த ஆளை எதிர்த்து நின்றவர்கள் நிலைமை?

ஆர்லிங்டன்91:
1973 ஜூலையில் டெட்ராய்டில் இரண்டாவது நோ-ஹிட்டர். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். நார்ம் கேஷ் அடிக்க வந்தார். கையில் மட்டை இல்லை, உடைமாற்றும் அறையிலிருந்து கொண்டுவந்த மேசைக்கால்! நடுவர் ரான் லூசியானோ திருப்பி அனுப்பினார்.

கணக்குப்பிள்ளை:
நிஜ மட்டையோடு வந்து என்ன செய்தார்?

ஆர்லிங்டன்91:
பந்தில் பட்டது. நேராக மேலே எழும்பி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) கையில் விழுந்தது.