அழுக்குத் துணிப் பை: நாடா வெளியே வரும் இடத்தில் கிழிந்துகொண்டே இருக்கிறது

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அழுக்குத் துணி போட்டு வைக்க, வாயைச் சுருக்கிக் கட்டும் பை ஒன்று தைத்துக் கொடுத்தேன். பழைய பெட்ஷீட் துணி. 50 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம். வாயை மடித்துத் தைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி விட்டு ஒற்றை நாடா கோர்த்தேன்.

இரண்டே மாதத்தில் அந்த இடைவெளிக்குக் கீழே பக்கத் தையல் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. ஊருக்கு வந்தபோது அதே இடத்தில் நெருக்கி, மூன்று முறை ஓட்டிக் கொடுத்தேன். இப்போது தையல் அப்படியே இருக்கிறது, அதை ஒட்டித் துணி கிழிந்திருக்கிறது. நாடாவைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் மாடிப்படி ஏறி இறங்குவாளாம். புதிதாக ஒன்று தைக்கப் போகிறேன், இந்த முறை அவள் படிப்பு முடியும் வரை நிற்க வேண்டும். எங்கே தப்பு செய்கிறேன்?

நீலப்பாபின் எழுதியது:

உங்கள் தையலில் குறை இல்லை. மொத்தப் பாரமும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. நாடாவை இழுக்கும்போதும் தோளில் மாட்டும்போதும் இழுவை வந்து நிற்பது பக்கத் தையல் முடியும் அந்த முனையில்தான். நெருக்கி ஓட்டியது நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கும். நைந்த துணியில் சின்னச் சின்னத் தையல் போட்டால் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். தையல் நீளம் 2.5 மி.மீ. போதும். பலம் வேண்டிய இடத்தில் அடியில் ஒரு துண்டுத் துணி வையுங்கள்.

பெட்ஷீட்டில் எந்தப் பகுதியை வெட்டினீர்கள்? படுத்துப் படுத்து நடுப்பகுதிதான் முதலில் நைந்து போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நடு மெல்லியதாகத் தெரியும். ஓரங்களில் இருந்து எடுங்கள். புதுப் பருத்தித் துணி என்றால் ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கும்.

உங்கள் அளவுக்கு 53 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டாக வெட்டி நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். அடியில் தையலே வராது, கிழியும் இடம் ஒன்று குறைந்தது. விளிம்புகளுக்கு முதலிலேயே ஓவர்லாக் அல்லது சிக்ஜாக் ஓட்டிவிட்டால் பிசிர் வராது. பிறகு துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, மேலிருந்து 10 செ.மீ. தள்ளிக் குறி வைத்து, அங்கிருந்து அடி வரை 1.5 செ.மீ. விட்டுத் தையுங்கள். இரண்டு பக்கமும் இப்படியே.

இனிமேல்தான் நிதானம் வேண்டும். தையல் விளிம்பை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். மேலே திறந்திருக்கும் 10 செ.மீ. பிளவின் ஓரங்களும் அதே மடிப்பில் உள்ளே போகும். பிளவு முடியும் இடத்தில், உள்பக்கம், 3 செ.மீ. சதுரத்தில் கெட்டித் துணித் துண்டு ஒன்றை வையுங்கள். பிளவின் ஒரு ஓரத்தில் இறங்கி, அடியில் குறுக்கே போய், மறு ஓரத்தில் ஏறுகிற மாதிரி தைக்க வேண்டும். குறுக்கே போகும்போது மட்டும் முன்னும் பின்னும் நான்கு முறை ஓட்டுங்கள். துணித் துண்டு நான்கு பக்கமும் பிடிபட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அவசரப்படும் எல்லாரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் வாய். முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் தனித்தனியாக முதலில் 1 செ.மீ., பிறகு 4 செ.மீ. மடித்துத் தைத்தால் நாடா போகும் வழி தயார். பையின் உயரமும் சரியாக 70 வந்துவிடும்.

நாடா இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் 130 செ.மீ. ஊக்கில் மாட்டி, முதலாவதை இடது பிளவில் விட்டு முழுச் சுற்றுச் சுற்றி இடதிலேயே வெளியே எடுங்கள். இரண்டாவதை வலதில் தொடங்கி வலதிலேயே முடியுங்கள். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் சமமாக மூடும், இழுவையும் இரண்டாகப் பிரியும்.

மணிமுடிச்சு எழுதியது:

நாடாவைப் பற்றி ஒன்று. நைலான் கயிறு வழுக்கும், முடிச்சு தானாக அவிழும். நெய்த பருத்தி நாடா நன்றாகப் பிடிக்கும், அதையும் முதலில் நனைத்துக் காயவையுங்கள். ஒவ்வொரு நாடாவின் இரு முனைகளையும் சேர்த்து முடிந்துவிட்டால் துவைக்கும்போது உள்ளே போய் ஒளிந்துகொள்ளாது.

என்னிடம் மெஷின் இல்லை, இதே பையைக் கையால் தைத்திருக்கிறேன். பக்கத் தையலுக்கு வெறும் ஓட்டுத் தையல் போதாது, பாலியெஸ்டர் நூலை இரட்டையாகக் கோர்த்து, ஒவ்வொரு முறையும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் பின் தையல் போட வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. நான்கு வருடமாகப் பிரியவில்லை.

நூல்கண்டு எழுதியது:

ஆமாம் நீலப்பாபின், நடுவில் இருந்துதான் வெட்டியிருந்தேன். மிச்சத் துணியை ஜன்னல் முன் பிடித்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆனால் தோளில் மாட்டாமல் அவளால் இருக்க முடியாது. அதற்கு என்ன செய்யலாம்?

நீலப்பாபின் எழுதியது:

அப்படியென்றால் தோள்பட்டியைத் தனியாக வையுங்கள். பாரம் நாடாவுக்கே போகக் கூடாது. 8 செ.மீ. அகலப் பட்டையை நான்காக மடித்தால் 2 செ.மீ. பட்டி கிடைக்கும், 80 செ.மீ. நீளம் போதும். பின் பக்கத் துணியில் மேல் முனையை நாடா வழிக்கு 3 செ.மீ. கீழே, கீழ் முனையை அடிக்குச் சற்று மேலே வைத்து, இரண்டு இடத்திலும் உள்பக்கம் துண்டுத் துணி கொடுத்து, சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். பக்கங்களைத் தைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், பை மூடிய பிறகு மெஷினுக்குள் நுழைப்பது கஷ்டம். பட்டி தைக்கும்போது 14ஆம் நம்பர் ஊசி மாட்டுங்கள், அத்தனை மடிப்பையும் தாங்கும்.

நூல்கண்டு எழுதியது:

சரி, முதலில் பட்டியைத் தைத்துவிடுகிறேன். துணியை ஓரத்தில் இருந்து வெட்டியாயிற்று. அந்த 3 செ.மீ. துண்டுகளுக்குப் பழைய ஜீன்ஸ் கால் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.