படகு ஏசி கொரகொரக்குது, 10 நிமிசத்தில நிக்குது. காஸ் போடவா?

உப்புவெளி_படகு:
சுற்றுலாப் படகு, திருகோணமலை உள்துறைமுகத்தில கட்டியிருக்கு. கேபினில 16,000 பி.டி.யு. (குளிராக்கிற திறன்) ஏசி, கடல்தண்ணியில ஆறுற வகை, குளிராக்கிற காஸ் ஆர்-410ஏ. போட்டதும் தண்ணிப் பம்பில கொரகொர சத்தம். கொஞ்ச நேரத்தில 'ஹை பிரஷர்' எண்டு காட்டி நிக்குது. ஆறினா திரும்ப ஓடும். காற்று பில்டர் சுத்தம். காஸ் குறைஞ்சிட்டுது, கொஞ்சம் ஏத்துவம் எண்டு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா?

சீனக்குடா_ஏசி:
வேண்டாம் தம்பி. காஸ் குறைஞ்சா பிரஷர் இறங்கும், ஏறாது. ஏறி நிக்கிற மெசினுக்கு இன்னும் ஏத்தினா கம்பிரசர்தான் போகும். முதல்ல மெசினை ஆத்துற கடல்தண்ணி ஒழுங்கா ஓடுதா எண்டு பாருங்க.

தண்ணி வெளிய விழுற இடத்தில 10 லீட்டர் வாளி பிடியுங்க. 16,000-க்கு நிமிசத்துக்கு 15 லீட்டர் அளவு வேணும், அதாவது 40 செக்கனில வாளி நிறையணும். கொரகொரப்பு பம்புக்குள்ள காற்று போற சத்தம். அடிவால்வ் (படகின் அடியில கடல்தண்ணி உள்ள வாற வால்வ்) முழுக்கத் திறந்திருக்கா? பம்புக்கு முன்னால குப்பை பிடிக்கிற வடிகூடையில சாதாளை (கடல்பாசி) அடைச்சிருக்கா? கூடை மூடியின் ஓ-ரிங் வெடிச்சிருந்தாலும் காற்று இழுக்கும். ஹோஸ் பம்பிலிருந்து மேல்நோக்கியே போகணும், நடுவில திமில் மாதிரி வளைஞ்சா அங்க காற்று தங்கும். காற்றை எடுக்க, பம்பின் வெளிவாய் கிளிப்பைத் தளர்த்தி, தண்ணி வந்ததும் இறுக்குங்க. வாடைக்காலத்தில மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவைக் கலக்கும்போது கூடையைத் தினமும் பார்க்கணும்.

உப்புவெளி_படகு:
ஓ-ரிங்தான் வெடிச்சிருந்தது, மாத்தினேன். சத்தம் நிண்டுட்டுது. வாளிக்கு இன்னும் 65 செக்கன் எடுக்குது அண்ணா.

நிலாவெளி_மரைன்:
அப்ப கொண்டென்சர் (கடல்தண்ணி காஸை ஆத்துற பகுதி) குழாயில சுண்ணாம்பும் சிப்பியும் பிடிச்சிருக்கும். அடிவால்வை மூடிட்டு, கொண்டென்சரின் இரண்டு வாயையும் கழற்றி ஒரு வாளிக்குச் சுற்று போடுங்க. லீட்டருக்கு 50 கிராம் சிற்றிக் அசிட். சின்னப் பம்பால, வழமையான ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமா 40 நிமிசம் ஓட விடுங்க. நுரைக்கிறது நிண்டா சுண்ணாம்பு கரைஞ்சிட்டுது. பிறகு நல்ல தண்ணியால 10 நிமிசம் கழுவுங்க. பாத்ரூம் கழுவுற அசிட்டைத் தொடவே வேண்டாம், செம்பு-நிக்கல் குழாயைத் தின்னும். ஓட்டம் சரியா வந்தா, உள்ள போற தண்ணிக்கும் வெளிய வாற தண்ணிக்கும் 6 பாகை அளவு வித்தியாசம் இருக்கும்.

சீனக்குடா_ஏசி:
காஸ் சந்தேகம் உண்மையா வந்தா அறிகுறி வேற: கேபினைக் குளிராக்கிற சுருளில ஒரு பக்கம் மட்டும் பனி, கம்பிரசர் இழுக்கிற அம்பியர் மெசினின் விபரத் தகட்டில உள்ளதை விடக் குறைவு, வெளித்தண்ணி கொஞ்சமும் சூடாகாது, மூட்டில எண்ணெய்க் கறை. 30 பாகைச் சூட்டில, ஓடாம நிக்கிற மெசினில பிரஷர் கேஜ் 260 பி.எஸ்.ஐ. அளவு காட்டும். ஆனா உள்ள ஒரு சொட்டுத் திரவக் காஸ் மிச்சம் இருந்தாலும் அதே அளவுதான் காட்டும், அதை நம்பி அளவு சொல்ல ஏலாது. இந்தச் சின்ன மெசினில கேஜ் ஹோஸ் மாட்டிக் கழற்றினாலே கொஞ்சம் காஸ் போயிடும், தேவையில்லாம கேஜ் போடாதீங்க.

ஒழுக்கு இருந்தா: மிச்சத்தை மீட்டெடுத்து, நைட்ரஜன் அடிச்சு ஒழுக்கைத் தேடி, ஓட்டையை உலோகம் உருக்கி ஒட்டி, டிரையர் (ஈரம் உறிஞ்சிற பில்டர்) மாத்தி, 500 மைக்ரோன் (வெற்றிட அளவு) வரை வெற்றிடம் எடுத்து, தகட்டில உள்ள கிராமைத் தராசில நிறுத்துத் திரவமா ஏத்தணும். ஆர்-22 எண்ட பழைய காஸுக்கான கேஜ் இதுக்குப் பாவிக்கக்கூடாது, பிரஷர் தாங்காது.

உப்புவெளி_படகு:
நிப்பாட்டும்போது 'டக்'கெண்டு தட்டுற சத்தமும் வருதே?

நிலாவெளி_மரைன்:
கம்பிரசர் அடி ரப்பரையும், செம்புக்குழாய் பலகையில படுற இடத்தையும் பாருங்க. உரசுற இடத்தில ரப்பர் ஹோஸ் துண்டு சுத்திக் கட்டுங்க. விட்டா அந்த இடத்திலதான் ஓட்டை விழும்.