விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்பில் பிள்ளைகள் பாதுகாப்பு: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: மே மாதம் எங்கள் சபையில் 10 நாள் விபிஎஸ். 4 முதல் 14 வயது வரை 80 பிள்ளைகள், 12 தன்னார்வலர்கள். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு அறையில் இருக்கவே கூடாது. எப்போதும் இருவர் வேண்டும். அந்த இருவர் கணவன் மனைவியாக இருந்தால் போதாது, ஒருவர் தவறை மற்றவர் மறைக்க இடமுண்டு. 18 வயது ஆகாதவர்கள் உதவட்டும், ஆனால் இந்தக் கணக்கில் சேராது. கதவு திறந்தே இருக்கட்டும்.

பதில் 2: கோட்டை விடுவது பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில்தான். ஒரே எண்ணில் இரண்டு சீட்டு எழுதுங்கள்: ஒன்று பிள்ளையின் பேட்ஜில், மற்றது பெற்றோரிடம். சீட்டில்லாமல் சொந்த மாமாவே வந்தாலும், பெற்றோரிடம் போனில் கேட்காமல் அனுப்பாதீர்கள். வேனில் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை டிரைவரோடு இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும்.

பதில் 3: பாலியல் புகார் வந்தால் "போதகர் விசாரிக்கட்டும்" என்று காத்திருக்காதீர்கள், தயவுசெய்து. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை. தன் கீழுள்ளவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. பிள்ளையைத் துருவிக் கேட்காமல், சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.