போர்வெல் மீட்புக் கை: லீவரில் தொடு உணர்வு பஞ்சாக இருக்கு, கெயின் கூட்டினால் ஆடுது

உசிலை_மெக்கா
போர்வெல்லில் விழுந்த குழந்தையை மீட்க, ஆறரை இஞ்ச் போருக்குள் இறங்கும் இரண்டு விரல் கை. மேலே லீவரை அசைத்தால் கீழே விரல் நகரும், விரலில் படும் விசை லீவரில் தெரியணும். இப்போதைக்குப் பொம்மையை வைத்து மட்டும்தான் சோதனை. விரலை ஓட்ட எம்ஜி996ஆர் சர்வோ, விரல் அடியில் 5 கிலோ லோட்செல் (விசை அளக்கும் சென்சார்), அதன் அளவை எண்ணாக மாற்ற எச்எக்ஸ்711. கீழே ஒரு ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், மேலே ஒன்று. நடுவில் 60 மீட்டர் கேட்6 கேபிள், ஆர்எஸ்-485 தொடர்பு, 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்), பாக்கெட் 10 பைட். மேலே லீவரில் ஜிம்பல் மோட்டாரும், கோணம் அளக்க ஏஎஸ்5600 என்கோடரும்.

கெயினைக் (விரல் விசையை லீவருக்குப் பெருக்கும் அளவு) குறைத்தால் துணியும் பாறையும் ஒரே பஞ்சாகத் தெரிகிறது. கூட்டினால் லீவர் ஆட ஆரம்பித்து நிற்பதே இல்லை. பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

வைகை_கன்ட்ரோல்
மோட்டாரை மாத்தாதீங்க தம்பி. முதலில் ஆட்டம் எப்படின்னு பாருங்க. நொடிக்கு இரண்டு மூன்று தடவை ஊஞ்சல் மாதிரி ஆடினால் காரணம் தாமதம். கையில் விர்ரென்று அதிர்ந்தால் காரணம் என்கோடர். இரண்டுக்கும் மருந்து வேற.

தாமதத்தைக் கூட்டிப் பார்ப்போம். கடையில் கிடைக்கிற எச்எக்ஸ்711 போர்டில் ரேட் பின் பெரும்பாலும் கிரவுண்டில் இருக்கும். அப்படியிருந்தால் நொடிக்கு 10 அளவுதான், அதாவது ஒன்றுக்கு 100 மில்லிசெகண்ட். 80க்கு மாற்றினாலும் புது மதிப்பு நிலைக்க 50 மில்லிசெகண்ட் ஆகும். 9600 பாடில் 10 பைட் போக 10 மில்லிசெகண்ட். சர்வோ பல்ஸ் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. மொத்தம் 130 தாண்டுது. தோராயமாக, லீவர் ஆடாமல் தாங்கும் விறைப்பு = லீவரின் உண்மையான தணிப்பு (ஆட்டத்தை அடக்கும் தடை) ÷ (சாம்பிள் நேரத்தில் பாதி + தாமதம்). தணிப்பை 0.5 நியூட்டன்-செகண்ட்/மீட்டர் என்று வைத்தால் மீட்டருக்கு 4 நியூட்டன்கூடத் தேறாது. பஞ்சு அங்கிருந்துதான் வருது. மோட்டார் எவ்வளவு பெரிசானாலும் இந்தக் கணக்கு மாறாது.

எச்எக்ஸ்711ஐக் கழற்றிட்டு ஏடிஎஸ்1220 போடுங்க. நொடிக்கு 1000 அளவு எடுக்கும், லோட்செல்லை நேராகவே இணைக்கலாம். பாட் ரேட்டை 5,00,000 ஆக்கினால் அதே 10 பைட் 0.2 மில்லிசெகண்டில் போயிடும். 60 மீட்டருக்கு அது தாராளம். இரண்டு முனையிலும் 120 ஓம், ஏ-பி இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியில். மோட்டார் கரண்ட்டை அதே கேபிளில் விடாதீங்க, தனிக் கேபிள் போடுங்க. ஈஎஸ்பி32 3.3 வோல்ட் என்பதால் மேக்ஸ்485க்குப் பதில் மேக்ஸ்3485. லூப்பை டைமர் இன்டரப்ட்டில் 1 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுங்க; டிலே போட்டு ஓட்டினால் ஜிட்டர் (நேரம் முன்பின் ஆவது) வரும். மொத்தத் தாமதம் 2 மில்லிசெகண்டுக்கு வந்தால் அதே கணக்கில் மீட்டருக்கு 200 நியூட்டன்.

விர்ரென்று அதிர்ந்தால்: ஏஎஸ்5600 ஒரு சுற்றுக்கு 4096 படி, ஒரு படி 0.088 டிகிரி. 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு படி மாறினாலே வேகம் 88 டிகிரி/செகண்ட் என்று காட்டும். மென்பொருள் தணிப்பு அதைப் பெருக்கி லீவரில் அடிக்கும். வேகத்தை 10 மில்லிசெகண்ட் இடைவெளியில் எடுங்க, இல்லை 14 பிட் ஏஎஸ்5048ஏ போடுங்க. இதைவிட நல்ல வழி, லீவர் அச்சில் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு மாட்டி இரண்டு நியோடிமியம் காந்தத்துக்கு நடுவே ஓடவிடுவது. அது உண்மையான தணிப்பு, அதற்குத் தாமதமே கிடையாது.

கப்பலூர்_கருவி
அண்ணன் சொன்ன 200, விரல் உடனே கேட்கும் என்று வைத்த கணக்கு. விரலின் சொந்தத் தாமதமும் லூப்புக்குள் வரும். சர்வோவை எடுத்துட்டு வார்ம் கியர் மோட்டார் (விரலைத் தள்ளினாலும் பின்னுக்குச் சுழலாதது) போட்டால் 20 மில்லிசெகண்ட் பல்ஸ் போகும், ஆனால் விரல் மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் வார்ம்தான் வேணும். கரண்ட் போனாலும் பிடி அப்படியே நிற்கணும், திறக்கக் கூடாது. 2019இல் நடுக்காட்டுப்பட்டி போர்வெல்லில் குழந்தை மேலும் கீழே சரிந்ததை நாமெல்லாம் பார்த்தோம். பின்னுக்குத் தள்ளினால் லேசாகச் சுழல வேண்டியது மேலே இருக்கிற லீவர் மட்டும்தான்.

அதனால் உணர்வை இரண்டாகப் பிரிங்க. மெதுவான விசை லீவர் மோட்டார் வழியா, விரல் விசையில் 0.3 பங்கில் தொடங்கி ஆடும் எல்லைக்குச் சற்று முன்னாடி நிறுத்துங்க. வேகமான அதிர்வு லூப்புக்கு வெளியே: விரலில் ஏடிஎக்ஸ்எல்345 முடுக்கமானி, எஸ்பிஐ இணைப்பில் 3200 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, வீச்சை மட்டும் ஒரு பைட்டாக மேலே அனுப்பி, கைப்பிடியில் எல்ஆர்ஏ (நேர்கோட்டில் அதிரும் சிறு மோட்டார்), டிஆர்வி2605எல் டிரைவர், நேரடி இயக்க முறை. தோல் அதிகம் உணர்வது 250 ஹெர்ட்ஸ் அருகில், அதனால் 235 ஹெர்ட்ஸ் எல்ஆர்ஏ பொருந்தும். செல்போனில் வரும் சுழல் எடை மோட்டார் வேண்டாம், சுழன்று வேகம் பிடிக்கவே பல பத்து மில்லிசெகண்ட் ஆகும்.

இதில்தான் துணிக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியும். கேசிங் பைப் முடிந்ததும் நம்ம பக்கம் வெறும் பாறைதான். அதில் விரல் உரசினால் அதிர்வு கூர்மையா வரும், துணி மங்கலா வரும். பிடி நழுவும்போது விசை குறைவதற்கு முன்னாடியே இந்த அதிர்வு வந்துவிடும்.

விரலுக்கும் கியருக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் வைங்க. தொட்ட கணத்தில் விசை குதிக்காது. ஸ்பிரிங் முழுசா அமுங்கும் இடத்தில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து மோட்டார் கரண்ட்டை நேராக வெட்டுங்க, புரோகிராமை நம்பாதீங்க.

உசிலை_மெக்கா
நன்றி அண்ணே. ஆட்டம் ஊஞ்சல் வகைதான், ரேட் பின்னும் கிரவுண்டில்தான் இருக்கு. இரண்டு சந்தேகம். மோட்டார் ஓடும்போது அதன் அதிர்வும் எல்ஆர்ஏவில் வராதா? இறக்க இறக்க, எதையும் தொடாமலே லோட்செல் மதிப்பு நகருது, அது ஏன்?

கப்பலூர்_கருவி
வரும். மோட்டாரை ரப்பர் புஷ்ஷில் உட்கார வைங்க, ஏடிஎக்ஸ்எல்345ஐ விரல் நுனிக்குப் பக்கத்தில் எபாக்ஸியில் ஒட்டுங்க. இரட்டைப் பக்க டேப் அதிர்வைத் தின்னுடும். மீதம் இருப்பதற்கு, மோட்டார் காற்றில் ஓடும்போது வரும் வீச்சை அளந்து அதற்குக் கீழே உள்ளதை மேலே அனுப்பாதீங்க.

வைகை_கன்ட்ரோல்
லோட்செல் நகர்வுக்குக் காரணம் வெப்பம். மேலே வெயிலில் காய்ந்த உலோகம் உள்ளே போய்க் குளிருது. மேலே டேர் செய்தது (பூஜ்யமாக்கியது) கீழே செல்லாது. வேண்டிய ஆழத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, மதிப்பு நகர்வது நின்ற பிறகு, விரல் எதையும் தொடாத நிலையில் மறுபடி டேர் செய்யுங்க. விரல் சாய்ந்தால் அதன் சொந்த எடையும் லோட்செல்லில் சேரும், அந்த ஏடிஎக்ஸ்எல்345லேயே சாய்வு தெரியும், கழிச்சிடுங்க. பாக்கெட் 50 மில்லிசெகண்ட் வரவில்லை என்றால் லீவர் விசையை மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்கி, விரலை இருந்த இடத்திலேயே நிறுத்துங்க.