கண்ணீர்ப்பைச் சீழ்: எந்த அன்டிபயோட்டிக்?

கேள்வி (கோப்பாய்):
நாட்பட்ட கண்ணீர்ப்பை (மூக்கோரக் கண்மூலையிலை கண்ணீர் சேருற பை) அழற்சி. கோ-அமொக்சிக்ளாவ் ஒரு கிழமை குடுத்தும் சீழ் நிக்கேல்லை. கட்டராக்ட் ஒப்பரேஷனும் இருக்கு. என்ன கிருமியாயிருக்கும்?

பதில் 1:
கூடுதலா ஸ்டபிலோகொக்கஸ், நியூமோகொக்கஸ். இந்த மருந்து கேக்காட்டில் சூடோமோனாஸ், எம்.ஆர்.எஸ்.ஏ. (வழமையான மருந்துகளுக்குக் கேக்காத ஸ்டபிலோகொக்கஸ்) எண்ட ரெண்டு கிருமியையும் யோசியுங்கோ. சூடோமோனாஸுக்கு சிப்ரோஃப்ளொக்சசின் பெரும்பாலும் கேக்கும். ஆனா சீழைக் கிருமி வளர்த்துப் பாக்கிற ரிப்போர்ட் வராமல் மருந்தை மாத்தாதேங்கோ.

பதில் 2:
அந்தச் சோதனைக்கு ஸ்வாப் (பஞ்சுக்குச்சியாலை சீழ் மாதிரி) எடுக்கிறதிலைதான் பிழை வாறது. சொட்டுமருந்து போடமுதல் எடுக்கவேணும். பையை அமத்தி, கண்ணீர்த் துவாரத்தாலை வாற சீழை மட்டும் தொடுங்கோ. இமையிலை பட்டால் தோல்கிருமிதான் வளரும். லாப்பிலை சொக்லேட் அகாரும் (சூடாக்கின இரத்தம் சேர்த்த கிருமி வளர்ப்பு ஊடகம்) 5–10% காபனீரொட்சைட்டும் இல்லாட்டில் ஹீமோபிலஸ் எண்ட கிருமி வளராமல் தப்பிடும். சிவந்து வீங்கி நோகுதெண்டால் அமத்தவே வேண்டாம்.

பதில் 3:
கண்ணீர்க் குழாயிலை அடைப்பு இருக்குமட்டும் எந்த மருந்தும் தற்காலிகம்தான். யாழ் போதனா வைத்தியசாலை கண் கிளினிக்கிலை காட்டுங்கோ. முதல் டி.சி.ஆர். (கண்ணீர்ப்பையிலையிருந்து மூக்குக்குப் புதுவழி திறக்கிற ஒப்பரேஷன்), பிறகுதான் கட்டராக்ட். மாறிச் செய்தால் கிருமி கண்ணுக்குள்ளை போய்ப் பார்வையே பறிபோகலாம்.